கிளட்ச் அக்கா வாசித்த பாதி

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. திடீரென்று கேட்டால் அவள் வீட்டுக்காரரே கொஞ்சம் தலையைச் சொறிந்துவிட்டுத்தான் சொல்வார். தெருவுக்கும் கடைக்காரர்களுக்கும் தொலைக்காட்சிக்காரர்களுக்கும், கடைசியில் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழுவுக்கும்கூட அவள் கிளட்ச் அக்காதான். இந்தப் பெயரை அவளுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அரசாங்கம். அரசாங்கத்திடமிருந்து வேறு எதுவும் அவளுக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை.

ஆள் குள்ளம், குரல் நெட்டை. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். ஒரே ஒரு வெள்ளை வண்டி வைத்திருந்தாள். அதில் ஓட்டுபவரின் காலடியில் இருப்பது போலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் உண்டு. அங்கேதான் அவள் சிம்மாசனம். அவளிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் "எனக்கெல்லாம் வராதுக்கா" என்று சொல்லிக்கொண்டேதான் ஏறுவார்கள். "வராம எங்க போயிடும்? நீ கூப்பிடு, அது வரும்" என்பாள். வரவும் செய்யும். மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் மறுபடி எடுக்கும் வித்தையை அவளைப் போலச் சொல்லிக்கொடுக்க அந்த நகரத்தில் ஆள் கிடையாது என்று அவளே சொல்வாள். யாரும் மறுத்ததில்லை.

இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மாமியார் கதை, மேலாளர் கதை, வேண்டாமென்று விட்ட வரன் கதை, விட்டிருக்க வேண்டிய வரன் கதை, எல்லாம் மூன்றாவது கியருக்கு வருவதற்குள் வந்துவிடும். "வண்டிக்குள்ள பேசினது வண்டியோட போச்சு" என்பது அவள் வைத்திருந்த சட்டம். அதை அவள் மீறியதே இல்லை. ஒரே ஒரு முறை மீறினாள். அந்தக் கதைதான் இது.

வண்டியின் இரண்டு கதவுகளிலும் தன் போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். ஒருமுறை பார்த்தால் மறக்காத நம்பர். கடைக்காரரிடம் மல்லுக்கட்டி வாங்கினது. அந்த நம்பர் முன்பு துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரிடம் இருந்தது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவர் நம்பரை விட்டுவிட்டுப் போய்விட்டார். அவரை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த அலுவலகம் விடவில்லை. அங்கே ஒரு வழக்கம் இருந்ததாம். ஒரு நம்பரை ஒட்டுக்கேட்பில் சேர்க்க ஒரு அதிகாரியின் கையெழுத்து போதும். எடுத்துவிட வேண்டுமென்றால் கீழிருந்து மேல்வரை எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் "எடுக்கச் சொன்னது யார்?" என்று கேட்பார்களே என்று முதல் கையெழுத்தைப் போட ஒருவருக்கும் கை வரவில்லை. ஆக, ஒரு தொழிற்சங்கத் தலைவரைப் பிடிக்க விரித்த வலையில் வருஷக்கணக்காக ஒரு டிரைவிங் டீச்சர் மட்டும் உட்கார்ந்திருந்தாள். "இண்டிகேட்டரைப் போடு", "கண்ணாடியைப் பாரு, உன்னை இல்ல, பின்னால வர்ற லாரியை" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே அவள் போட்ட சத்தத்தையெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தான்.

அவளுக்கு ஒரு தங்கை. அக்காவுக்கு நேர் எதிர். கண்ணாடிக் கடையில் கண்ணின் பவர் பார்க்கும் வேலை. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று கேட்பதைத் தவிர அதிகம் பேசாதவள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கணவரோடும் மாமியாரோடும் இருந்தாள். மனத்தில் உள்ளதை அக்கா ஒருத்தியிடம்தான் சொல்வாள்.

அவளுக்குக் குழந்தை பிறந்து சில வாரங்கள் ஆகியிருந்த ஒரு மத்தியானம் போன் செய்தாள். அக்கா அப்போது ஆற்றுப் பாலத்தின் மேல் இருந்தாள். ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் ஊசியை நடுங்காமல் நுழைக்கும் அந்த அம்மாளுக்கு ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் கை நடுங்கும்.

"அக்கா, பாப்பாவைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலக்கா" என்றாள் தங்கை. "யார் வீட்டுக் குழந்தையையோ பாத்துக்கச் சொல்லிட்டுப் போன மாதிரி இருக்கு. பால் குடுக்கறேன், துணி மாத்தறேன், எல்லாம் செய்யறேன். ஆனா இவ இல்லாமலே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுது. நான் என்னக்கா இப்படி ஆயிட்டேன்?"

அக்கா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி பாலத்தின் நடுவில் குலுங்கியது. பின்னால் பேருந்து ஹாரன் அடித்தது. "கிளட்ச்சை மிதி! கிளட்ச்சை!" என்று கத்தினாள் அக்கா. "உன்னை இல்லடி, இந்தப் பல் டாக்டரைச் சொல்றேன். நீ அழு." போனில் பேசிக்கொண்டே டாக்டரைப் பாலத்தின் முனையில் வண்டியைத் திருப்பவைத்து, அதுவரை காலி மைதானத்தைத் தாண்டியறியாத அந்த அம்மாளைக் கடைத்தெரு வழியாகவே ஓட்டவைத்துத் தங்கை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். அன்றைக்கு அக்காளும் தங்கையும் உள்ளறையில் பேசி முடிக்கும்வரை கூடத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பல் டாக்டர்தான். மறுநாளே அக்கா தங்கையை மருத்துவரிடம் அழைத்துப்போனாள். பிள்ளை பெற்ற பலருக்கும் வருவது இது, மருந்தும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால் போய்விடும் என்று அவர் சொன்னார். மருந்து அவர் கொடுத்தார், ஆளாக அக்கா இருந்தாள். மெல்ல மெல்ல எல்லாம் சரியானது. பாப்பா தவழ்ந்தாள், நடந்தாள், வீட்டையே இரண்டாக்கினாள். அந்த மத்தியானத்தைப் பற்றி அவர்கள் பிறகு பேசவே இல்லை.

அப்போதுதான் அந்த ஒட்டுக்கேட்பு அலுவலகத்துக்குள்ளேயே வேலை பார்த்த ஒருவன், மனசாட்சி உறுத்தியோ மேலதிகாரி மேல் கோபமோ, இரண்டும் சேர்ந்தோ, பதிவுகளையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய்ப் பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்துவிட்டான். நாடே ஆடிப்போனது. அமைச்சர் பதவியை விட்டுப் போனார். யார் யாரையெல்லாம் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்று தினமும் ஒரு செய்தி வந்தது. பத்திரிகைகள் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டன, அதைக் குறை சொல்ல முடியாது. பெயர்களை எடுத்துவிட்டார்கள், நம்பர்களை மறைத்துவிட்டார்கள். பெண் ஒன்று, பெண் இரண்டு என்றுதான் போட்டார்கள். ஒரு நாள் முதல் பக்கத்தில், இந்த அலுவலகம் எவ்வளவு பெரிய சதிகளையெல்லாம் கண்டுபிடித்திருக்கிறது பாருங்கள் என்ற கிண்டலோடு நாலு வரி வந்தது. கிளட்ச்சை மிதி, உன்னை இல்லடி, இந்தப் பல் டாக்டரைச் சொல்றேன், நீ அழு.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து "உன்னை இல்லடி" என்றார்கள். சட்டையில் அச்சடித்து விற்றார்கள். யார் அந்தப் பெண் என்று யாருக்கும் தெரியாது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றுவரை தெரிந்திருக்காது.

ஆனால் யார் வாய், யார் மூடுவது! மெக்கானிக் கடையில் வண்டியை விட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டே பேப்பரைப் பிரித்தவள், "அடப்பாவிங்களா, இது நான்தான்டா!" என்று கூவினாள். மெக்கானிக்குகள் கை தட்டினார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்தது. அந்தச் செய்தியை எழுதிய பத்திரிகைக்காரரே தேடிக்கொண்டு வந்தார். பின்னாலேயே தொலைக்காட்சிக்காரர்கள். வண்டியின் பானெட் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேட்டி கொடுத்தாள். "போன் நம்பரை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்கள். "நான் ஏன் மாத்தணும்? ஒட்டுக்கேட்டவன் வேணும்னா காதை மாத்திக்கட்டும்" என்றாள். நாடு கொண்டாடியது. அன்றிலிருந்து கிளட்ச் அக்கா. கற்றுக்கொள்ள வரிசையில் நின்றார்கள்.

தன் விஷயத்தில் ஒளித்துவைக்க அவளிடம் எதுவுமே இல்லை. அந்தத் தெம்புதான் கண்ணை மறைத்தது. பத்திரிகைத் தாளில் நாலு வரிதான், ஆனால் அவர்களுடைய இணையதளத்தில் முழு உரையாடலும் இருந்தது. அவள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அவள் நினைவில் அது பல் டாக்டர் கடைத்தெரு வழியாக ஓட்டிய வீர தினம், அவ்வளவுதான். பெண் ஒன்று யாரென்று தெரிந்துவிட்ட பிறகு பெண் இரண்டு யாரென்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளரா வேண்டும்? அவளுக்கு இருப்பதே ஒரு தங்கை.

தங்கையின் மாமியாரிடம் யாரோ போனில் காட்டினார்கள். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. சமையலறையில் மகனிடம், "பிள்ளையை அவகிட்ட தனியா விடாதே" என்று மட்டும் சொன்னாள். கதவுக்கு இந்தப் பக்கம் தங்கை நின்றுகொண்டிருந்தாள். கணவரும் கோபப்படவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. குழந்தையைக் குளிப்பாட்டப் போனால் மாமியார் ஏதோ வேலையாக வந்ததுபோல வந்து நிற்பாள். அக்கம்பக்கத்தார் பாப்பாவின் கன்னத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே தடவிக்கொடுத்தார்கள்.

ஒரு நாள் தங்கை அக்கா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"உனக்கு வெக்கம் கிடையாது, சரி. அது உன் இஷ்டம்" என்றாள். "எனக்கும் சேத்து நீ எப்படிக்கா முடிவு பண்ணினே?"

"நான் உன்னை நினைச்சே பாக்கலடி" என்றாள் அக்கா. அது உண்மை. அந்த நேரத்தில் சொல்லியே இருக்கக் கூடாத வார்த்தையும் அதுதான்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசாமல் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பேசினார்கள். தங்கை போன் எடுப்பாள். "நல்லா இருக்கோம்க்கா. பாப்பா நல்லா படிக்கறா. இங்க மழை வர்ற மாதிரி இருக்கு" என்பாள். நடுவில் மூன்றாவது ஆள் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது போலவே எப்போதும் பேசுவாள். அவன் உண்மையிலேயே இருந்திருந்தால் சலிப்பில் தூங்கிப்போயிருப்பான். தூக்கம் போனது அக்காவுக்குத்தான். நேரில் போனாலும் அதே மழை, அதே படிப்பு. தன் தங்கையைத் தன்னிடமே வேற்று ஆள் மாதிரி பேசவைத்துவிட்டோமே என்று அவள் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதிருக்கிறாள். வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டர் கணக்கெடுத்துவிட்டு வந்த களைப்பில் அவர், "விடும்மா, சரியாகும்" என்பார். வருஷங்கள் போயின. சரியாகவில்லை.

மற்றதெல்லாம் மாறியது. அந்தப் பதிவுகள் வெளியான கோபத்தில் ஒரு சட்டம் வந்தது. நீதிபதியின் உத்தரவு இல்லாமல் யாருடைய போனையும் கேட்கக்கூடாது, கேட்டால் பிறகு அந்த ஆளுக்கே சொல்ல வேண்டும் என்றது. எல்லா அதிகாரிகளும் அதை மதித்தார்கள் என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாரில்லை. ஆனால் பயந்தார்கள், அதுவே பெரிய விஷயம். ஜனங்களும் மாறினார்கள். மடிக்கணினியின் கேமரா மேல் ஒட்டுப்போட்டார்கள். அக்காவிடம் வந்த பெண்கள் வண்டியில் ஏறும் முன் போனைக் கழற்றி டிக்கியில் போட ஆரம்பித்தார்கள். இப்போது வருகிற சின்னப் பெண்களுக்கு ஏனென்று தெரியாது. ஓட்டும்போது கவனம் சிதறாமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் போடுகிறார்கள்.

பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது பத்திரிகைக்காரர் மறுபடி வந்தார். முன்பு கருகருவென்று இருந்த தாடி நரைத்திருந்தது. அந்தச் சட்டத்துக்குக் காலவரை உண்டாம். இப்போது அது முடிகிறது. நீட்டிக்கலாமா, கைகழுவலாமா என்று விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கைகழுவ நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"'சாதாரண ஜனங்க பாதிக்கப்பட்டாங்கன்னு சொல்றீங்களே, ஒருத்தராவது நேர்ல வந்து சொன்னாங்களா?'ன்னு கேக்கறாங்கம்மா" என்றார். "யாரும் வரமாட்டேங்கறாங்க. நீங்க வந்தா போதும். அந்தப் பதிவைக் குழு முன்னால வாசிச்சு, 'இது நான் பேசினதுதான்'னு சொல்லணும். அறிக்கையோட இணைப்பா அதைச் சேத்துடுவாங்க."

"சேத்தா?"

"நாடாளுமன்ற ஆவணம். எப்பவும் இருக்கும்."

எப்பவும் என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். இணையத்தின் ஏதோ ஒரு மூலையில் தூசி படிந்து கிடப்பது வேறு. அரசாங்க முத்திரையோடு, கல்லூரிப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கும்படி நிற்பது வேறு. போகவில்லையென்றால் சட்டம் போய்விடும். போனால் தங்கையின் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தைகள் கல்வெட்டாகிவிடும். இந்த முறை அவள் வாயைத் திறக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தாள்.

"பெரியம்மா!" என்று பாப்பா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தங்கை அவளை மாடிக்கு அனுப்பிவிட்டு, சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"அவ இப்ப எதைக் கேட்டாலும் போன்ல தேடிப் பாக்கறா" என்றாள் தங்கை. "போன வாரம் உன் பட்டப்பேரைத் தேடியிருக்கா. பேட்டியைப் பாத்துட்டு ஒரே சிரிப்பு. அடுத்து என்ன படிப்பான்னு எனக்குத் தெரியும். ராத்திரி பகலா அதே நினைப்பாத்தான் இருக்கேன்."

"நான் போகலன்னு சொல்லிடறேன்."

"சட்டம்?"

"போனா போகட்டும்."

"இன்னொருத்தி பேசறதையும் எவனாவது கேப்பான். அது பரவால்லயா?"

"அப்ப போகட்டுமா?"

"ரெண்டையும் என் தலையில கட்டாதக்கா." தங்கை குழாயை மூடினாள். "போன தடவை என்னைக் கேக்கல. இந்தத் தடவை கேட்டே. என் வார்த்தை வெளிய வரக்கூடாது, அவ்வளவுதான். எப்படின்னு நீ பாத்துக்கோ."

திரும்பி வரும்போது சிக்னலில் வண்டி நின்றுபோனது. இருபக்கக் கதவிலும் டிரைவிங் ஸ்கூல் என்று எழுதியிருக்கும் வண்டி. பின்னாலிருந்து யாரோ எட்டிப்பார்த்து, "கிளட்ச்சை மிதிங்கக்கா!" என்று கத்தினான். அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விசாரணை நடந்த கூடம் குளிர்பதனப் பெட்டிக்குள் உட்கார்ந்தது போல இருந்தது. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பேசும்போது சிவப்பு விளக்கு எரியும் மைக். எல்லாம் நேரடி ஒளிபரப்பு. குழுவின் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பொறுமையாகப் பேசும் அம்மாள். அரசுத் தரப்பு வழக்கறிஞரும் மரியாதைக்காரர்தான்.

"கதவைச் சாத்திட்டு, கேமராவை அணைச்சிட்டு வாசிக்கலாமாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"எனக்கும் ஆசைதான். விதி இடம் கொடுக்கலம்மா" என்றார் தலைவி. "சாட்சியம் எல்லாருக்கும் முன்னாலதான் இருக்கணும்."

தாள்களைக் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் அவள் அதை முதன்முதலாக முழுசாகப் பார்த்தாள். பெண் ஒன்று, பெண் இரண்டு, பெண் ஒன்று, பெண் இரண்டு. தங்கையின் வரிகளைப் படிக்கப் படிக்க எழுத்து கலங்கியது. அந்த மத்தியானம் அவள் சொன்னதைக் காதால் கேட்டதைவிட, யாரோ அடித்து அடுக்கிவைத்த எழுத்தில் பார்ப்பது கொடுமையாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"இதுல பாதிதான் என்னோடது. என்னோடதை மட்டும் வாசிக்கறேன்" என்றாள்.

வழக்கறிஞர் எழுந்தார். தலைவி கையை அசைத்து உட்காரச் சொன்னார். அக்கா வாசித்தாள். தங்கையின் வரி வரும் இடத்தில் தாளில் விரலை வைத்து, அதை மனத்துக்குள் படித்து முடிக்கும்வரை சும்மா இருந்தாள்.

"சொல்லுடி."

கூடம் காத்திருந்தது.

"ம்."

நீண்ட மௌனம். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"கிளட்ச்சை மிதி! கிளட்ச்சை! உன்னை இல்லடி, இந்தப் பல் டாக்டரைச் சொல்றேன். நீ அழு."

பார்வையாளர் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அதற்கடுத்த மௌனத்தில் அது அடங்கிப்போனது.

"யார் சொன்னா அப்படி?"

மௌனம்.

"நீ கெட்டவ இல்ல. நான் சொல்றேன் இல்ல? நீ கெட்டவ இல்லடி."

இந்த இடத்தில் அவள் குரல் உடைந்தது. விரல் அடுத்த வரியில் அப்படியே நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"சாப்பிட்டியா?"

மௌனம்.

"சரி, போனை வெச்சிட்டு முகத்தைக் கழுவு. வண்டியைத் திருப்பிட்டேன். வந்துட்டே இருக்கேன்."

தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். வழக்கறிஞர் நிஜமான குழப்பத்தோடு, "இப்படி வாசித்தால் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்குப் புரியாதே அம்மா" என்றார்.

"புரியக்கூடாதுன்னுதான் சார் அப்படி வாசிச்சேன்" என்றாள் அக்கா. "ஆனா யாரோ ஒருத்தர் இதை முழுசா கேட்டுட்டு உக்காந்திருந்தாரு. அதுவும் வேற யாரையோ கேக்கப் போட்ட லைன்ல. நான் ஒரு நாள் பெருமைக்காக என் பேரைச் சொன்னேன், அதுல இன்னொருத்தர் வாழ்க்கை வெளிய வந்துடுச்சு. அவரு கேட்டது தப்பு. நான் சொன்னதும் தப்பு. போன்ல ரெண்டு பேர் இருக்கோம்ங்கறதை அவரும் மறந்தாரு, நானும் மறந்துட்டேன்."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சாட்சி வாசித்தது மட்டுமே இணைப்பில் சேரும், மற்ற வரிகள் வெற்றிடமாக இருக்கும் என்று பதிவு செய்யச் சொன்னார். பிற்பாடு சட்டம் நீட்டிக்கப்பட்டது. ஒரு உரையாடலை யார் வெளியிடுவதானாலும், எவ்வளவு நல்ல காரணமாக இருந்தாலும், பேசிய இருவரின் சம்மதமும் வேண்டும் என்று புதிதாக ஒரு பிரிவு சேர்ந்தது. பத்திரிகைக்காரர் தன் பங்குக்கு விசாரணை நடந்த அன்றே அலுவலகம் போய் இணையதளத்திலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். எடுத்தால் போதுமா? அது எங்கெங்கே பிரதியாகிக் கிடக்கிறதோ, யார் கண்டது. சட்டத்தால் இனி வருவதைத்தான் நிறுத்த முடியும். போனது போனதுதான். அக்காவுக்கு அது தெரியும். அதனால் விசாரணை முடிந்ததும் வெற்றிக் களிப்பெல்லாம் இல்லாமல், தொலைக்காட்சிக்காரர்களை "நாளைக்குப் பாக்கலாம்ப்பா" என்று விலக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்று வகுப்பு கிடையாது. வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீர் பாதி தீர்ந்திருந்தபோது போன் அடித்தது. தங்கை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். மழையைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தாள்.

"பாத்துட்டிருந்தோம்க்கா" என்றாள் தங்கை. "பாப்பாவும் நானும்."

அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"'பெரியம்மா யார்கிட்டம்மா பேசறாங்க?'ன்னு கேட்டா. நீ ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் என் முகத்தைப் பாத்தா. என்னால முடியல. நான்தான்னு சொன்னேன்."

"ஐயோ, ஏண்டி?"

"எவனோ அடிச்சு வெச்ச எழுத்துல அவ படிக்கறதுக்கு, நானே சொல்லிட்டா தேவலைன்னு தோணுச்சு. நீ விட்ட இடத்தையெல்லாம் நான் சொன்னேன். ஒண்ணு விடாம. அழுதுட்டேதான் சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"என் கையை எடுத்து அவ மடியில வெச்சுக்கிட்டா. அப்புறம் கேட்டா, 'அப்ப எப்பம்மா என்னைப் பிடிக்க ஆரம்பிச்சுது?'ன்னு."

தெருவில் போகிறவர்கள் பார்ப்பது தெரிந்தும் அக்கா அழுதாள். கொஞ்சம் கழித்து, "நீ என்ன சொன்னே?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் தங்கை சிரிக்கும் சத்தம் கேட்டது. எத்தனையோ வருஷம் கழித்துக் கேட்ட சிரிப்பு.

"அதைப் போன்ல சொல்ல மாட்டேன்க்கா. கிளம்பி வா."